ஏழு சீட்டுகள்

செத்துப்போனவருக்கு ஓட்டுப் போட்ட கட்சிக் கிளை உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். அதுவும் தில்லுமுல்லு எதுவும் இல்லாமல், சுத்தமான மனசோடு போட்ட ஓட்டு.

முப்பத்தொரு வருஷம் அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் காலமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. இடைத்தேர்தலுக்கு ஆள் நிறுத்த வேண்டும். கட்சி மேலிடத்துக்கு இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மகள் இருக்கிறாள், முகத்தில் அப்பாவின் ஜாடை வேறு. சுவரொட்டி அடிக்கச் சொல்லியாயிற்று. மகள்தான் இடக்குப் பண்ணினாள். குடிநீர் வாரியத்தில் பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து, "நிக்கறேன். ஆனா நம்ம கிளை உறுப்பினர்கள் சீட்டு எழுதி என்னைத் தேர்ந்தெடுக்கணும். வேற யாருக்கு ஆசை இருந்தாலும் நிக்கட்டும்" என்றாள். ஒப்புக்குச் சொல்கிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் அதை நிஜமாக எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார். நல்ல மனுஷர்தான். அதுதான் சங்கடமே.

அன்றிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தவர், மறைந்தவரின் செயலாளர். முப்பது வருஷமாகத் தினமும் காலையில் அந்த வீட்டு முன்னறைக்கு வந்து, மனுவோடு நிற்கும் ஜனங்களுக்குப் பதில் எழுதிக் கொடுத்தவர். அந்தக் கூட்டமும் அந்த மேஜையும் இல்லாமல் அவருக்கு வாழத் தெரியாது. பாப்பா ஜெயித்தால் எல்லாம் அப்படியே இருக்கும். நாற்பது வயதானாலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. கிளை உறுப்பினர்களிடம் ஓட்டுக் கேட்டு ஆறு வாரம் அவளோடு தெருத்தெருவாக நடந்தபோது அவர் அசந்துபோயிருந்தார். ஒரு தெருவில் குழாயில் சாக்கடைத் தண்ணீர் வருகிறது என்று பெண்கள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். அவள் ஒரு இரும்புக் கம்பியை வாங்கி, ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்துத் தெரு முழுக்க நகர்ந்து நகர்ந்து கேட்டாள். ஓரிடத்தில் நின்று, "இங்க தோண்டச் சொல்லுங்க" என்றாள். தோண்டினார்கள், குழாய் வெடித்திருந்தது. அவளுடைய அப்பா மனு வாங்குவதில் புலிதான், ஆனால் இந்த வித்தை அவருக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்சி அலுவலகக் கூடத்தில் நூற்றுத்தொண்ணூறு பேர் கூடினார்கள். வெற்றுச் சீட்டும் பென்சிலும் கொடுத்து, வேண்டியவர் பெயரை எழுதிப் பெட்டியில் போடச் சொல்வது அந்தக் கிளையின் வழக்கம். போட்டிக்கு ஆளே இல்லாத காலத்திலும் மறைந்தவர் அதை விடவில்லை. ஆக, ஏழு தேர்தலாக அத்தனை பேரும் ஒரே பெயரைத்தான் எழுதிப் பழகியிருந்தார்கள்.

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் சீட்டுகளைப் பிரித்தார். மகளுக்குத் தொண்ணூறு. மருந்துக்கடைக்காரருக்குத் தொண்ணூற்று மூன்று. மீதி ஏழு சீட்டுகளை அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது தடவை பார்த்தார்.

"இந்த ஏழுலயும் தலைவர் பேரு எழுதியிருக்கு" என்றார்.

கட்சிப் பொருளாளர் எழுந்தார். "இதுல என்ன குழப்பம்? அப்பாவுக்குப் போட்டா பொண்ணுக்குப் போட்ட மாதிரிதானே. தொண்ணூத்தேழு. முடிஞ்சுது."

தலைமையாசிரியர் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். "நான் தகராறு பண்ணமாட்டேன்" என்றார் அவர். "அந்த ஏழு பேரும் யாரை நெனச்சு எழுதினாங்கன்னு எனக்கும் தெரியும்."

செயலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சீட்டுகளை அடுக்கிக் கட்ட மேஜையருகே போனார். அந்த ஏழில் மேலே இருந்த சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பெயருக்கு அடியில் இரண்டு கோடுகள். கடிதத்தின் அடியில் தலைவர் பெயரை எழுதி இரண்டு கோடு இழுப்பது செயலாளரின் முப்பது வருஷப் பழக்கம். பாப்பா பாப்பா என்று உருகியவர், பென்சிலைப் பிடித்ததும் கை போன போக்கில் எழுதித் தொலைத்திருக்கிறார்.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். ஏழு சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தச் சீட்டில் மட்டும் அவள் கண் கொஞ்சம் கூடுதலாக நின்றது.

"செல்லாதுன்னு எழுதிக்கங்க சார்" என்றாள் தலைமையாசிரியரிடம்.

பொருளாளர் பதறிப்போனார். "என்னம்மா, கைக்கு வந்தத யாராவது தள்ளுவாங்களா?"

"ஆறு வாரமா வீடு வீடாப் போய் என் பேரச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டேன். இவங்க அப்பாவைக் கூப்பிட்டிருக்காங்க. அவர் வரமாட்டார். அவரக் கூப்பிட்டப்ப நான் போய் உக்காந்துக்கிட்டா, நாளைக்கு எதுக்கெடுத்தாலும் அவரத்தான் கூப்பிடுவாங்க. நானும் அவருக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்குவேன்."

குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. மருந்துக்கடைக்காரரிடம் போய்க் கையைக் குலுக்கி, "அண்ணே, நாளைக்குக் காலைல எந்தத் தெருவுல ஆரம்பிக்கறோம்?" என்று கேட்டாள். செயலாளருக்கு அந்த நிமிஷத்தில் அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர் பதவிக்காகக் காலில் விழுந்ததைப் பார்த்திருக்கிறார். வந்த பதவியை ஒருவர் இப்படித் திருப்பிக் கொடுத்து அவர் பார்த்ததே இல்லை.

கூடம் காலியானதும் அவள் நாற்காலிகளை மடித்துச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். இதை மறைத்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது.

"பாப்பா, அந்த ஏழுல ஒண்ணு..."

"தெரியும் மாமா. உங்க எழுத்து எனக்குத் தெரியாதா?"

அவர் அழுதுவிட்டார். அவள் ஒரு நாற்காலியை மறுபடி விரித்து அவரை உட்காரவைத்தாள்.

"வேணும்னு பண்ணல பாப்பா. அடுத்த தடவை சத்தியமா உன் பேரத்தான் எழுதுவேன்."

"இப்பவே சத்தியம் பண்ணாதீங்க" என்றாள் அவள். "நாலு வருஷம் இருக்கு. நான் செய்யற வேலையப் பாருங்க. அப்புறம் யார் பேரை எழுதறதுன்னு யோசிங்க."