கொடியில் போட்ட முடிச்சு

ஆவடியில் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் அப்போது ஆயிரத்து நானூறு பிள்ளைகள். அத்தனை பேருக்கும் ஒரே மாணவர் தலைவர். ஆண்டு முடிவில் அவர் பெயரைத் தலைமையாசிரியர் அறை வாசலில் இருக்கும் கறுப்புப் பலகையில் வெள்ளை பெயிண்டில் எழுதுவார்கள். 1970 வரைக்கும் அந்தப் பலகையில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. முதல் பெண் பெயர் சாமுண்டீஸ்வரி என்றுதான் இருக்கும் என்று எட்டாம் வகுப்பிலேயே நான் முடிவு பண்ணி வைத்திருந்தேன்.

வகுப்புத் தலைவர்கள் ஓட்டுப் போட்டார்கள். நான்கு ஓட்டு வித்தியாசத்தில் கன்னியம்மா ஜெயித்தாள். எனக்குத் துணைத்தலைவி பதவி. துணைத்தலைவியின் பெயரைப் பலகையில் எழுதும் வழக்கம் இல்லை.

வேறு யாரிடம் தோற்றிருந்தாலும் இரண்டு நாள் அழுதுவிட்டுப் போயிருப்பேன். கன்னியம்மாவின் அப்பா துலுக்கானம் பருத்திப்பட்டில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் வேலைக்கு இருந்தவர். ராணுவ டாங்க் பாக்டரி வந்த பிறகு காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போக ஆரம்பித்தார். அவள் அம்மா அதற்குப் பிறகும் எங்கள் வயலுக்கு நடவுக்கு வந்தாள். அவள் என்னை ‘பாப்பா’ என்பாள். மகளோ, “இன்னா சாமுண்டி, சாப்ட்டியா?” என்று தோளில் கை போடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளிடம் குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. காலை பிரேயரில் அவள் செய்தி வாசித்தால் கடைசி வரிசைப் பையன்கூட வாயை மூடிக்கொள்வான். நானூறு மீட்டரில் அவள்தான் முதல். இதில் தலைக்கனமாவது இருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விளையாட்டு விழா அன்று பள்ளிக்கொடி ஏற்றுவது எங்களுக்குத் திருவிழா. வகுப்புக்கு ஒரு பிடி பூ வரும். முந்தின நாள் சாயங்காலம் தலைவர் அந்தப் பூவை உதிர்த்து நீலக்கொடிக்குள் வைத்து மடித்துக் கட்டுவார். மறுநாள் கொடி உச்சிக்குப் போனதும் விருந்தினர் கயிற்றைச் சுண்டுவார். முடிச்சு அவிழ்ந்து பூ கொட்டும். ஏறின கொடி விரியாமல் கீழே இறங்கக் கூடாது என்பது தலைமையாசிரியர் பார்த்தசாரதியின் சட்டம்.

கன்னியம்மா அழகாகக் கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாள். பெட்டிச் சாவி துணைத்தலைவியிடம். நான் திறந்து, அவள் போட்ட உருவு முடிச்சை அவிழ்த்துவிட்டு வேறு முடிச்சுப் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சு எங்கள் கொட்டகையில் முரட்டுக் காளைக்குப் போடுவது. இழுக்க இழுக்க இறுகும். கண்ணியை உள்ளே தள்ளினால்தான் விடும். சந்தோஷமாகத்தான் போட்டேன்.

மறுநாள் விருந்தினராக வந்த ராணுவ அதிகாரி கயிற்றைச் சுண்டினார். கொடி அசையவில்லை. மறுபடி சுண்டினார். மூன்றாவது தடவை பலமாக இழுத்தார். உச்சியில் கொடி கருணைக்கிழங்கு மாதிரி உருண்டு கிடந்தது. முதலில் ஒன்பதாம் வகுப்பில் யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு மைதானமே சிரித்தது. பார்த்தசாரதி சார் முகம் கறுத்துவிட்டது.

“யாரும்மா கட்டினது?”

“நான்தான் சார்,” என்றாள் கன்னியம்மா. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அடுத்த நிமிஷமே அவள் மாடிப்படி ஏறி ஓடினாள். கொடிக்கம்பம் கட்டடத்தை ஒட்டி நின்றது, அதன் உச்சி மொட்டைமாடிச் சுவரைவிட ஓர் ஆள் உயரம்தான் அதிகம். “சாமுண்டீஸ்வரி, நீயும் போ! அவளைப் பிடிச்சுக்கோ!” என்று கத்தினார் சார்.

நான் மேலே போனபோது அவள் தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு கைப்பிடிச் சுவர்மேல் நின்றிருந்தாள். ஒரு சாண் அகலச் சுவர். கீழே சிமெண்டுத் தரை. நான் அவள் கணுக்கால் இரண்டையும் பிடித்தேன். ஒரு கையால் கம்பத்தைப் பற்றிக்கொண்டு மறு கையை முடிச்சுக்கு நீட்டினாள்.

கை அப்படியே நின்றது. குனிந்து என்னைப் பார்த்தாள்.

“இது எங்க நைனா போட்ற முடிச்சாச்சே.”

நான் அவள் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்க ஊட்டு காளைக்குன்னே அவரு கண்டுபுட்ச்சது. என்னியும் உன்னியும் தொட்டி மேல குந்த வெச்சித்தான் சொல்லிக் குட்த்தாரு. மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தேன். அது எங்கள் வீட்டு முடிச்சு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

என் பிடி தளர்ந்தது போலிருக்கிறது. “கால வுட்றாத சாமுண்டி, உயுந்துருவேன்,” என்றாள். குரலில் கோபம் இல்லை. நான் விடமாட்டேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. பிறகு பார்க்காமலேயே கண்ணியை உள்ளே தள்ளினாள். கொடி விரிந்தது. ஆயிரத்து நானூறு பேர் கைதட்டினார்கள். சாமந்தியும் ரோஜாவும் அவள் தலையிலும் என் முகத்திலும் கொட்டின.

கீழே வந்ததும் சார் கேட்டார், “என்னம்மா ஆச்சு?”

“பூ ஈரம் சார். கயிறு ஊறிப்போய் இறுகிக்கிச்சு.”

அன்று பேசும்போது சார் எங்கள் இரண்டு பேரையும் மேடைக்குக் கூப்பிட்டு, தலைவிக்குக் கை கொடுத்த துணைத்தலைவி என்று என்னைப் பாராட்டினார். கன்னியம்மாதான் முதலில் கைதட்டினாள்.

அவள் சொல்லிவிடுவாள் என்று தினமும் எதிர்பார்த்தேன். திட்டு வாங்கியிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும். அவள் கடைசிவரை மூச்சுவிடவில்லை. “இன்னா சாமுண்டி, சாப்ட்டியா?” என்று கேட்பதையும் நிறுத்தவில்லை.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று பலகைக்கு முன்னால் ஒரே கூட்டம். பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கன்னியம்மா என்று பெரிதாக எழுதி, அதன் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் சாமுண்டீஸ்வரி என்று எழுதியிருந்தது. அதுவரை எந்தத் துணைத்தலைவர் பெயரும் அதில் வந்ததில்லை. “கன்னியம்மா பிடிவாதமா கேட்டுக்கிட்டா, அதான்,” என்றார் சார்.

எட்டாம் வகுப்பிலிருந்து நான் ஆசைப்பட்ட இடம். நிமிர்ந்து பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். இன்றைக்கும் அந்தப் பள்ளி வழியாகப் போக நேர்ந்தால் பஸ்ஸில் மறுபக்கத்து ஜன்னலில்தான் உட்காருவேன்.