பழைய குரலை ஏற்றிய ஞாயிறு

ஒரு அப்டேட் வந்து என் அண்ணனின் போனை மந்தமாக்கிவிட்டுப் போனது.

அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் உள்ளதை போன் வாசித்துச் சொல்லும். கேட்டுக் கேட்டு, மற்றவர் காதுக்கு வெறும் இரைச்சலாக விழுகிற வேகத்தில் அதை ஓடவிட்டுப் பழகியிருந்தான். அந்தக் குரலைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்துவிட்டார்கள். புதுக் குரல் குழைந்து குழைந்து, இழுத்து இழுத்துப் பேசியது. வேகத்தைக் கூட்டினால் குழறியது. பஸ்ஸில் அது நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி நிறுத்தத்தைத் தாண்டிவிடும்.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினேன். பழையதற்குத் திரும்ப வழியில்லை, எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றாள் ஒருத்தி. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டேன். லைனைத் துண்டித்துவிட்டாள்.

திங்கட்கிழமை அண்ணன் வேலையில் சேர வேண்டும். ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். பஸ் மாறிப் போக வேண்டும். தனியாகத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். காரணம் எனக்குத் தெரியும். இன்டர்வியூவுக்கு நான் கூடப் போயிருந்தேன். அங்கிருந்த அதிகாரி அவனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "சார் டீ குடிப்பாரா?" என்று கேட்டார். "அவருக்கு வாய் இருக்கு, அவரையே கேளுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

திரும்பும்போது அண்ணன் சொன்னான்: "நீ வந்தா உங்கிட்டதான் பேசுவாங்க. நீ சண்டை போட்டாலும் அது உன் சண்டை. நான் ஓரமா உக்காந்திருக்கணும்."

அதனால்தான் ஞாயிறு மதியம் லேப்டாப்பைத் திறந்தேன். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத யாரோ ஒரு புண்ணியவான், இந்த மாடலுக்கென்று வேறு மென்பொருள் எழுதி இணையத்தில் சும்மா கொடுத்திருந்தார். அதை ஏற்றினால் பழைய குரல் ஓடும். ஆனால் முதலில் கம்பெனி போட்ட பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் போனில் உள்ளது அத்தனையும் அழியும். அதை முன்பே நகல் எடுத்துவிட்டேன். நடுவில் கேபிள் ஆடினால் போன் வெறும் செங்கல்தான், மறுபடி உயிர் வராது.

அம்மா மேசையில் அவன் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அது மெதுவா பேசினா பேசிட்டுப் போகுது. நாளைக்கு நீயும் கூடப் போ. முதல் நாள்."

"அம்மா, நீ சட்டையப் பாரு. கருகப்போகுது."

அண்ணன் கையிலிருந்து போனை வாங்கி கேபிளைச் செருகினேன். லேப்டாப்பில் ஆணை கொடுத்ததும் போனின் திரை கறுத்தது. பொடி எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது.

"என்ன காட்டுது?"

"நான் பாத்துக்கறேன்."

"என் கையில குடு."

"இந்த இடத்துல போன் பேசாதுண்ணா. கண்ணு இருந்தாத்தான் முடியும்."

இஸ்திரிப் பெட்டியின் ஓசை நின்றது. அந்த உதவி எண்காரி என் தொண்டைக்குள் புகுந்து பேசியது போலிருந்தது. அண்ணன் நீட்டிய கையை மடக்கவில்லை.

"போன் பேசலன்னா நீ பேசேன்" என்றாள் அம்மா. " அதுக்குத்தானடி உன்னக் காலேஜுக்கு அனுப்பினோம்? இந்த வீட்டுல வேற எவன் அந்தப் பக்கம் போயிருக்கான்?"

கொடுத்தேன். கேபிள் ஆடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன்.

"பூட்டைத் திறந்தா இந்த போனை நம்ப முடியாதுன்னு போட்டிருக்கான்."

"யாரால நம்ப முடியாதாம்?"

"உன்னாலதான்."

"அத நானும் போனும் பேசித் தீத்துக்கறோம். அடுத்தது?"

"திறக்காதே, திறன்னு ரெண்டு வரி. இப்ப மேல நிக்குது. கீழ் பட்டனை ஒரு தடவை அமுக்கு. ஆங். இப்ப பவர்."

"எவ்வளவு மெதுவா வாசிக்கற! உனக்கு வேகம் கூட்ட பட்டன் எங்க இருக்கு?"

"வாய மூடிட்டு அமுக்குண்ணா."

பூட்டு திறந்தது. லேப்டாப்பிலிருந்து புது மென்பொருளை அனுப்பினேன். ஒவ்வொரு வரியாக நான் சொல்ல, அவன் விரல் ஏறி இறங்கியது. ஓரிடத்தில் ஒரு வரி அதிகமாக இறங்கிவிட்டான். "நில்லு! மேல வா, மேல வா" என்று நான் கத்தியதில் அம்மா பெட்டியை வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

கடைசியில் போனைத் திரும்பத் தொடங்கச் சொன்னோம். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"போயிடுச்சாடி?" என்றாள் அம்மா.

"முதல் தடவ நேரமாகும்மா. சுத்துதுண்ணா. இன்னும் சுத்துது."

"அதையே எத்தன வாட்டி சொல்லுவ?"

"பின்ன உன் மூஞ்சியவா வர்ணிக்கச் சொல்ற?"

அவன் போனின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "சூடா இருக்கு. உயிரோடதான் இருக்கு, பயப்படாத."

பயப்பட வேண்டியவன் எனக்குத் தைரியம் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது, கண்ணும் கலங்கியது. அதை வாசித்துச் சொல்லவில்லை.

வட்டம் மறைந்து திரை வெளுத்தது. "வந்துருச்சு" என்றேன். வாசிக்கும் குரலை எழுப்ப வால்யூம் பட்டன் இரண்டையும் சேர்த்து அழுத்தினான். போன் இங்கிலீஷில் ஏதோ சொன்னது. அதன் பிறகு நான் தேவைப்படவில்லை. லேப்டாப்பிலிருந்து பழைய குரலை அனுப்பியதோடு சரி; மிச்சத்தை அவனே தடவித் தடவிச் செய்துகொண்டான். வேகத்தைக் கூட்டினான், இன்னும் கூட்டினான். தகரத்தில் மழை கொட்டுவது போலக் குரல் கொட்டியது. அவன் முகம் மெல்லத் தளர்ந்து சிரிப்பானது.

"என்ன சொல்லுது?" என்றேன்.

"உனக்குப் புரியாது. நீ மெதுவான மாடல்."

அம்மா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, போனையும் லேசாகத் தட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் காலை தேய்த்த சட்டையோடு இறங்கினான். ஒரு கையில் கோல், ஒரு காதில் இயர்போன். "வரேம்மா" என்றவன் என் பக்கம் திரும்பி, "பின்னாலயே வந்தேன்னு வை, செருப்பு சத்தத்துலயே கண்டுபிடிச்சுடுவேன்" என்றான்.

தெருமுனையில் நின்றான். தலையைச் சாய்த்துக் கேட்டான். எதிரே வந்த ஒரு ஆள் கையைப் பிடிக்க வந்தார். அண்ணன் அவரிடம் சிரித்து ஏதோ சொன்னான். அவர் விலகிக்கொண்டார். பஸ் நிறுத்தம் இருக்கிற பக்கமாகத் திரும்பினான். சுவர் மறைத்தது.

"நீ போகலயா?" அம்மா என் முதுகைத் தள்ளினாள். "போடி, தூரமா நின்னு பாத்துட்டு வா. அவனுக்கெங்க தெரியப்போகுது?"

"அவனுக்குத் தெரியாதுங்கறதாலதான் போகக் கூடாது" என்றேன்.

மாட்டியிருந்த செருப்பைக் கழற்றி வைத்தேன்.