புறாவுக்குப் போன டிஸ்க்

மூன்றாம் மாடிக்காரருக்கு ‘சரிபண்ணிடலாம்’ என்று யார் பெயர் வைத்தார்களோ, கட்டடம் முழுக்க அதுதான் புழக்கம். குழாய் சொட்டினாலும் பூட்டு மக்கர் பண்ணினாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரே சொல். இதுவரை எது சரியானது என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

இந்தமுறை அவரிடம் மாட்டியது மனைவியின் லேப்டாப். அந்த அம்மாள் எம்பிராய்டரி போடுபவர். பூவும் கொடியுமாக வருஷக்கணக்கில் வரைந்து சேர்த்த டிசைன்கள் அத்தனையும் அதற்குள்தான். பென் டிரைவில் ஏற்றி மெஷினில் சொருகினால் துணியில் பூ விழும். லேப்டாப்போ ஒரு டிசைனைத் திறப்பதற்குள் கிழவன் மாடியேறுவதுபோல மூச்சு வாங்கியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டால் குதிரையாய் ஓடும் என்றார் கணவர்.

லேப்டாப் வாங்கியபோது கொடுத்த சிஸ்டம் டிஸ்க்? பால்கனியில். புறாவை விரட்ட அவரே நூல் கட்டித் தொங்கவிட்டது, வெயிலில் வெளுத்துக் கீறல் விழுந்து கிடந்தது.

மனிதர் அசரவில்லை. டிசைன்களைப் பத்திரமாகப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார். கீழ்வீட்டு நர்ஸின் கம்ப்யூட்டரில் சிஸ்டத்தை இறக்கினார். அதை மேலே கொண்டுபோக ஒரு பென் டிரைவ் வேண்டுமே? சட்டைப்பையில் ஒன்று இருந்தது. இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று திரை கேட்டது. திரை கேட்பதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் வேலை ஓடுமா? தட்டிவிட்டார்.

மேலே வந்து லேப்டாப்பைத் துடைத்துப் புது சிஸ்டத்தைப் போட்டார். திரை பளிச்சென்று வந்தது. இனி டிசைன்களை ஏற்ற வேண்டியதுதான் என்று பென் டிரைவைப் பார்த்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு தண்ணீர் குடித்தார். மொட்டைமாடிக்குப் போய்வந்தார். யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவினார். கடைசியில் மெஷின் பக்கத்தில் போய் நின்றார்.

“உன் டிசைன் எல்லாம் போச்சும்மா. என்னாலதான்.”

மெஷின் நிற்கவில்லை. “பாத்திரம் கழுவினப்பவே தெரிஞ்சுது. அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருக்கு.”

“எப்பப் போட்டு வச்ச?”

“நீங்க சரிபண்ணிடலாம்னு சொன்ன அன்னிக்கு சாயங்காலமே.”

போன உயிர் வந்துவிட்டது. மானம் வருவதற்குத்தான் நாளாகும். செருப்பை மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பியவரை மனைவி கூப்பிட்டார்.

“போறதுக்கு முன்னாடி அந்த டிஸ்க்கக் கழட்டிட்டுப் போங்க. புறா தினமும் அதுல முகம் பாத்துட்டு நிக்குது.”