பக்கத்துக் கட்டில்காரருக்கு முதலில் வலித்தது

தையல்காரருக்கும் பக்கத்துக் கட்டில் லாரி டிரைவருக்கும் ஒரே நாள் காலையில், உடைந்த வலது மணிக்கட்டில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். இருவருக்கும் கழுத்தோரம் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்தவர் ஒரே மயக்க டாக்டர்தான். பொழுது சாயும்போது டிரைவரின் விரல்கள் அசைந்தன. கூடவே வலியும் வந்து, மனிதர் வார்டையே இரண்டாக்கினார். தையல்காரரின் கையோ யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் போலத் தலையணைமேல் கிடந்தது.

பொறாமைப்பட வேறு விஷயமே கிடைக்கவில்லையா? அடுத்தவர் அலறுவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டார் தையல்காரர். கத்தரி பிடிக்கிற கை போய்விட்டால் பிழைப்பு என்னாவது? யாரிடமாவது கேட்கவும் பயம். ஆமாம், போய்விட்டது என்று சொல்லித் தொலைத்துவிட்டால்?

காலருக்குள் குண்டூசி செருகி வைப்பது அவர் தொழில் பழக்கம். ஆஸ்பத்திரி சட்டையிலும் ஒன்றைச் செருகியிருந்தார். மனைவி அந்தப் பக்கம் திரும்பியதும் இடக்கையால் அதை உருவி, மரத்த விரல்களில் குத்திப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் அழுத்திக் குத்தினார்.

"அட கடவுளே! என்ன பண்றீங்க?" மனைவி ஊசியைப் பிடுங்கினாள். விரல் நுனியெல்லாம் ரத்தப் பொட்டு.

"கை செத்துப்போச்சுடி," என்றவர் அழுதேவிட்டார்.

அவள் ஓடிப்போய் மயக்க டாக்டரை அழைத்து வந்தாள். அந்தம்மா விரல்களைத் துடைத்துக்கொண்டே, "காலையில சொன்னேனே அண்ணே, தலையைத் தலையை ஆட்டுனீங்களே?" என்றார்.

"பயத்துல ஆட்டினேம்மா. ஒண்ணும் காதுல ஏறலை."

"மரத்துப்போற மருந்தோட கொஞ்சம் ஸ்டீராய்டு சேர்த்திருக்கேன். மரப்பு ரொம்ப நேரம் நிக்கும், ராத்திரி வலியில்லாம தூங்கலாம். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சர்க்கரை இருக்கு, ஸ்டீராய்டு அதை ஏத்திடும்னு அவருக்குச் சேர்க்கலை. உங்க கை காலையில முழிச்சுக்கும். அதுவரைக்கும் அதைக் குத்தாதீங்க, புண்ணியமாப் போகும்."

"கொடுத்து வச்சவருய்யா நீங்க!" என்று முனகினார் டிரைவர்.

தையல்காரர் பாதி நம்பினார், பாதி நம்பவில்லை. விடிந்து, வார்டில் துடைப்பச் சத்தம் கேட்டபோது மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. கட்டைவிரல் அசைந்தது. பின்னாலேயே வந்தது வலி, பல்லைக் கடிக்கவைக்கும் வலி.

"வலிக்குதுடி! வலிக்குது!" பிள்ளை பிறந்த சேதி போல வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மனைவிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நர்ஸ் மாத்திரையோடு ஓடிவந்தாள்.

"கொஞ்சம் பொறும்மா," என்றார், கண்ணைத் துடைக்காமலே. "இப்பத்தானே வந்திருக்கு. ரெண்டு நிமிஷம் இருந்துட்டுப் போகட்டும்."