ரெண்டு பொட்டலத்திலும் அரளி

1.

“எம் பாஸ்போர்ட்ட எடுத்துக் குடும்மா.”

இதை மட்டும் கேட்கக் கூடாதென்று சொர்ணலதாவிடம் அப்பா சொல்லி வைத்திருந்தார். காமயகவுண்டன்பட்டியில் அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். அதற்கு மேல் கேட்டால் பேராசையாம். இந்தக் கதை தொடங்க வேண்டியது அந்த வரியில்தான். நான் முதலில் எழுதிய தொடக்கமோ வேறு.

2.

‘ஒசாகாவின் குரோமோன் சந்தைக்குள் அவள் நுழைந்தபோது, சுட்ட சிப்பியின் வாசம்…’

(அடித்துவிட்டேன். அந்த வாசம் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.)

தேனியில் அவள் வேலை பார்க்கும் பழ ஏற்றுமதி கம்பெனி, போன வருடம் அவளைத்தான் ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்தது. போனது அவள் தோழி சுகிர்தம், போடிக்காரி. வீடியோ அனுப்பினாள்: ஓட்டோடு கொதிக்கிற சிப்பி, குச்சியில் குத்திய குட்டி ஆக்டோபஸ். வாங்கியதை அந்தக் கடை முன்னாலேயே நின்று தின்ன வேண்டுமாம். “ஒனக்கும் சேத்துத் தின்னுட்டேன்டி!” சொர்ணலதா ஒரு சிரிப்பு இமோஜி அனுப்பிவிட்டு, திராட்சைப் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டப் போனாள்.

3.

தடுத்தது ஒரு பூ. எங்கள் பக்கம் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் போகலாம். குச்சனூர்க் கோயிலில் அவள் எடுத்தது செவ்வரளி. பட்டம் வாங்கியவள்தான், நம்பினாள்.

‘எடுக்காத பொட்டலத்தில் இருந்தது…’ மல்லிகையா, நந்தியாவட்டையா? கதை அங்கே நின்றது. பொட்டலம் கட்டிய அம்மா மாயக்காளிடமே சொர்ணலதா கேட்டாள். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“கதைக்கா? அதுலயும் அரளிதாண்டி.”

“ரெண்டுலயுமா?”

“சாமி சொல்லுச்சுன்னா எம்மேல கோவிக்க மாட்டேல்ல. நீ திரும்பி வரலன்னா ஒன்னய நான் எங்கன போயித் தேட? மீன் திங்க அம்புட்டுத் தூரமா போவாக? கம்பத்துல இல்லாத மீனா?”

(நான் என்னையே ‘அவள்’ என்று எழுதுவது, கோபம் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும் என்றுதான். நிற்கவில்லை.)

4.

கட்டிப்பிடித்து அழுகிற முடிவு ஒன்று எழுதினேன். கிழித்துவிட்டேன். ஜப்பான் பயிற்சிக்கு இந்த வருடமும் ஓர் இடம் இருக்கிறது; இன்று காலை அவள் கம்பெனியில் சம்மதம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அம்மாவிடம் அந்தப் பாஸ்போர்ட் வரியைக் கேட்டாள்.

“அப்பா வந்துரட்டும்டி. திரும்ப ஒருக்கா பூக்கட்டி…”

“இந்தத் தடவ நான் கட்டுறேன். ரெண்டும் வெள்ளை.”

பாஸ்போர்ட் இருந்த பீரோவின் சாவி அம்மாவின் முந்தானையில்தான் இருந்தது. முடிச்சை அவிழ்க்க அம்மாவுக்கு வெகுநேரம் ஆனது.

அந்தச் சிப்பியின் ருசியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், வாங்கிய பாஸ்போர்ட்டில் பூண்டு வாசம் அடித்தது. அதைத் துடைக்காமல் பையில் வைத்துக்கொண்டு சொர்ணலதா படியிறங்கிவிட்டாள்.