ஆடிக் கிருத்திகையில் ஒரு கருப்பு டாக்ஸி

1

இந்தக் கதையை ஒரு சினிமாவிலிருந்துதான் எடுத்தேன், கண்ணுகளா. கல்யாணமான புதிதில் அரக்கோணத்துக் கொட்டகையில் பார்த்த கருப்புவெள்ளை இங்கிலீஷ் படம். பேசினது ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நகைப்பையைத் திருடுகிறார்கள், எங்கேயோ பிசகுகிறது, ஒவ்வொருவனாகச் சாகிறான், அவ்வளவு புரிந்தது. படம் முழுக்க இருட்டு, மழை, சிகரெட் புகை. அவர் வாங்கித் தந்த முறுக்கைக் கடிக்க மறந்து, திருடர்களுக்காகக் காரில் காத்திருக்கும் டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று அவர் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். அந்த டிரைவர் மட்டும் இன்னும் என் மனசில் வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

2

மழை கொட்டிய அந்த இரவில் ஜெபசீலன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு—

வேண்டாம். திருத்தணியில் யார் தொப்பி போட்டார்கள்?

எழுபதுகளில் ஓர் ஆடிக் கிருத்திகை. உச்சி வெயில். அரக்கோணத்து டாக்ஸிக்காரன் ஜெபசீலன் மலையடிவாரத்தில் காத்திருந்தான்.

இது நிற்கும் என்று தோன்றுகிறது. வெயிலிலும் திருடலாம்.

3

திட்டம் பங்காருவுடையது. நகரிப் பக்கத்து ஆள், சுருட்டை முடி, பெரிய மீசை. மேலே சத்திரத்தில் தங்கியிருக்கும் வெளியூர் வியாபாரியின் நகைப்பையை எடுக்க வேண்டும். உடனே மொட்டை போட்டுக்கொண்டு இறங்கிவிட வேண்டும்.

“போலீஸு சுருட்ட முடியத் தேடும். நா மொட்டையா, சந்தனம் பூசிகினு, மஞ்ச வேட்டில வருவேன். அதான் அடையாளம் பாவா.” மச்சான் என்பதற்கு அவன் வாயில் பாவாதான்.

“மீசை?”

“அதையும் முருகனுக்கே குட்த்துடுவேன். உனுக்கின்னா?”

ஜெபசீலன் சிரித்துவிட்டான். அவன் அம்மாவை அடக்கம் பண்ணிய நாளில் குழி வெட்ட முதலில் மண்வெட்டியைத் தூக்கியவன் பங்காரு. அவன் கேட்டு எப்படி முடியாது என்பது?

ஆனால் கிருத்திகையன்று காலையில் ஜெபசீலனின் மனைவி பெர்சிஸ் டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

“அவன் கூப்ட்டா வண்டிய எடுத்துகினு ஓடுற. நா ஒரு வருசமா கூப்ட்றேன், காது கேக்கல. காட்பாடி பாசஞ்சர் கெளம்பறதுக்குள்ள நீ வந்தீனா, சேந்து போயி எங்க நைனாவோட இருந்து பொழச்சிக்கலாம். வர்லியா, நீ எனுக்கு வேணாம்.”

“வந்துடறேன் பெர்சி.”

“வாயால வராத. வண்டில வா.”*

* இந்த வரியை நான் எழுதவில்லை. அவளாகவே சொன்னாள்.

4

இனி பிசகு. அடிவாரத்தில் கூட்டம் தாங்காமல் போலீஸ் டாக்ஸிகளையெல்லாம் சரவணப் பொய்கைக்கு அப்பால் தள்ளிவிட்டது. வரிசையாக எல்லாம் கருப்பு உடம்பு, மஞ்சள் கூரை, முன்னால் வேப்பிலைக் கொத்து. ஜெபசீலன் படிக்கட்டைப் பார்த்தான். ‘அரோகரா’ என்று இரைந்துகொண்டு இறங்கி வந்தது அத்தனையும் மொட்டைத்தலை, சந்தனம், மஞ்சள் வேட்டி.

(பேருந்து நிலையத்தில் பூக்கட்டும் கவிதாவுக்கும் ஷோபனாவுக்கும்தான் என் கதைகளை முதலில் படித்துக் காட்டுவேன். கவிதா இங்கே நிறுத்தினாள். “இன்னா பெரிம்மா, டாக்ஸி ஓட்றவனுக்குக் கிருத்திகைல எல்லாரும் மொட்டைன்னு தெரியாதா?” தெரியும். ஆனால் பங்காரு சொன்னபோது அவனுக்குப் பங்காருவின் தலை ஒன்றுதான் கண்ணுக்குள் வந்தது. வேண்டியவனை நினைக்கும்போது கூட்டத்தை நினைக்கிறோமா?)

பங்காருவைப் போலீஸிடமிருந்து ஒளித்த வேஷம் கூட்டாளியிடமிருந்தும் ஒளித்துவிட்டது. ஜெபசீலனுக்கு வியர்த்தது. அப்போது பின்கதவு திறந்தது. ஒரு மொட்டை ஏறியது. அப்பாடா என்று திரும்பினால் அது ஒரு பெரியவர். பக்கத்தில் அவர் மனைவி, அவளும் மொட்டை.

“அரக்கோணம் டேசனுக்கு விடுப்பா. காட்பாடி வண்டியப் புடிக்கணும்.”

5

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

சினிமாவில் டிரைவர் கடைசிவரை காத்திருந்து குண்டடிபட்டுச் சாகிறான். அப்படி எழுதிப் பார்த்தேன். அன்று நம்மூர் போலீஸ் கையில் இருந்தது லத்தியும் விசிலும்தான். அதோடு, இத்தனை வருஷம் சுமந்தவனைச் சாகடிக்க எனக்குக் கை வரவில்லை.

இரண்டாவதில், அவன் பெரியவரோடு கிளம்பிவிடுகிறான். ஷோபனா கைதட்டினாள். கவிதா பூவிலிருந்து தலையைத் தூக்காமல், “அம்மாவுக்குக் குழி வெட்னவன வுட்டுட்டு வந்தவன், நாளைக்கி இவள வுட மாட்டானா?” என்றாள். அந்தப் பக்கத்தையும் கிழித்தேன்.

மிச்சம் இருப்பது இதுதான்.

ஜெபசீலன் சாவியைத் திருப்பினான். என்ஜின் உறுமியது.

“பாவா!”

குரல் பங்காருவுடையதுதான். எந்தத் தலையிலிருந்து வந்தது? ஜெபசீலன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிப் பார்த்தான். சந்தனம், சந்தனம், சந்தனம். தூரத்தில் விசில் சத்தம். “பாவா, ஓ பாவா!” அந்தக் குரலில் இதற்குமுன் பயத்தை அவன் கேட்டதில்லை.

பின்னாலிருந்து அந்த அம்மா கேட்டாள். “ஏம்பா, வண்டி போவுமா, போவாதா?”

அவன் வாயைத் திற—

6

அதற்கு மேல் அவன் பக்கம் எனக்குத் தெரியவில்லை. அரக்கோணம் பக்கம் தெரிகிறது. காட்பாடி பாசஞ்சர் நிற்கிறது. பெர்சிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் ஒரு துண்டை விரித்துப் போட்டிருக்கிறாள். கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கிறது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வந்து துண்டின் நுனியைத் தொடுகிறாள்.

“ஏம்மா, இங்க ஆள் வராங்களா?”

பெர்சிஸ் நிமிர்ந்து பார்க்கிறாள். என்னை இல்லை, நான்தான் விலகிக்கொண்டேனே. உங்களைப் பார்க்கிறாள். பிள்ளைக்காரி நின்றுகொண்டிருக்கிறாள், தங்கங்களா. சீக்கிரம் சொல்லுங்கள்.