நாலு டயருக்கும் முப்பத்தாறு

வேல்விழியின் காரில் புதிதாக ஏறுகிறவர்கள், "வண்டி ஸ்டார்ட் ஆயிட்டா?" என்று கேட்பார்கள். அதற்குள் கார் தெருமுனையைத் தாண்டியிருக்கும். எத்தனை தடவை கேட்டாலும் அந்தக் கேள்வி அவளுக்கு அலுத்ததில்லை. சங்கரன்கோவிலில் கரண்டு காரை வாடகைக்கு ஓட்டும் பெண் தான் ஒருத்திதான் என்பதை அவளாக யாரிடமும் சொன்னதும் இல்லை. ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் எதற்குச் சொல்ல வேண்டும்?

செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு நிலையான சவாரி உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் மூன்று பேரைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். ஒருவர் திருவேங்கடம் ரோட்டில் ஒரு கிராமம், மற்ற இருவரும் உள்ளூர். ஏற்றி இறக்குவதெல்லாம் சேர்த்து நூற்று அறுபது கிலோமீட்டர் ஆகும். ஆஸ்பத்திரிப் பக்கம் சார்ஜ் போடும் இடத்தில் எப்போதும் வரிசை. அதனால் வீட்டில் ஏற்றிய சார்ஜிலேயே போய்த் திரும்புவதுதான் அவள் கணக்கு. இருபது சதவீதம் மிச்சத்தோடு வீடு வந்து சேர்வாள்.

பங்குனியில் டயர் மாற்ற வேண்டி வந்தது. ராஜபாளையம் ரோட்டில் மாரிக்கண்ணன் கடைக்கு அவளோடு மாமனார் சங்கரபாண்டியும் போனார். முப்பத்தொரு வருஷம் நாக்பூருக்கும் இந்தூருக்கும் லாரி ஓட்டியவர் அவர். டயர் என்றால் கேட்காமலே கருத்துச் சொல்வார். தடிமனாக, ஆழமாக வெட்டு விழுந்த டயர் ஒன்றைக் காட்டி, கருவேல முள்ளுக்கு இதுதான் தாங்கும், விலையும் குறைவு என்றார்.

வேல்விழி குனிந்து டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைப் படித்தாள். அடியில் பேட்டரியைச் சுமக்கும் கார் அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிடக் கனம். மாமனார் காட்டிய டயர் அந்தக் கனத்துக்கு ஆனதில்லை. இன்னொன்று பாரமும் தாங்கும், லேசாகவும் உருளும், விலைதான் கூடுதல். அவள் அதையே எடுத்தாள். சங்கரபாண்டி அந்த டயரை ஒருமுறை தடவிப் பார்த்து, "என்னம்மா, பப்படம் மாதிரி இருக்கு," என்றார்.

சித்திரை பிறந்ததும் சனி பிடித்தது. இருபதில் வந்து நின்ற கார் பன்னிரண்டில் நின்றது, பிறகு எட்டில். கணவன் பாண்டிராஜ், டயரால்தான் இருக்குமோ என்று பூப்போலக் கேட்டான். பக்கத்து வீட்டார் அந்த அளவுக்குக்கூடப் பூப்போலக் கேட்கவில்லை. போகப்போக அவளுக்கே தன் தேர்வின் மேல் சந்தேகம் வந்தது. ஊர் பேசியதைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, திரும்பி வரும் பாதி வழியில் திரையில் சிவப்பு எழுத்து வந்துவிட்டது. ஒரு ஓட்டல் வாசலில் நாற்பது நிமிஷம் சார்ஜ் போட்டாள். டயாலிசிஸ் முடித்த களைப்பில், மூவரில் ஒருவரான ஜுலைகா பீவி பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். இரண்டு தடவை வாந்தி எடுத்தார். வீட்டு வாசலில் அவரை இறக்க வந்த மகள் நஸ்ரின் பானு சத்தம் போடவில்லை.

"வெள்ளிக்கிழமை ஒரு நாள் பாப்போம்க்கா. அன்னைக்கும் இப்படின்னா டீசல் வண்டிக்குச் சொல்லிருதோம். உம்மாவால தாங்க முடியல," என்றாள்.

திட்டியிருந்தால்கூட வேல்விழிக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் மாரிக்கண்ணன் டயரைத் தடவிப் பார்த்தான். நடுப்பகுதி புதிதுபோல இருந்தது, இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தன. காற்று குறைவாக வைத்து ஓட்டினால்தான் இப்படித் தேயும் என்றான். வேல்விழிக்குச் சுர்ரென்று ஏறியது. சனிக்கிழமை தவறாமல் அவன் கடையிலேயே முப்பத்தாறு பவுண்டு காற்று பிடிக்கிறவள் அவள். அவனும் அதை மறுக்கவில்லை. நான்கு சக்கரத்துக்கும் முப்பத்தாறு பிடித்து, காற்று அளக்கும் கருவி ஒன்றையும் அவள் கையில் கொடுத்து, தினமும் வெயில் ஏறுமுன் பார்க்கச் சொன்னான்.

அன்று மத்தியானம் வாசுதேவநல்லூருக்கு ஒரு சவாரி போய்வந்து காரை வீட்டு வாசலில் நிறுத்தினாள். வியாழன் காலை, பால்காரர் வரும் முன்பே சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காற்றுவாய் மூடி அசையவில்லை. குறடு கொண்டுவந்து திருக வேண்டியிருந்தது. இருபத்தொன்பது, முப்பது, இருபத்தொன்பது, இருபத்தொன்பது. பின்னால் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்த்தாள். முப்பத்தாறு.

நான்கு சக்கரத்தில் ஒரே அளவாகக் குத்தி, ஐந்தாவதற்கு மரியாதை கொடுத்து விலகிப்போகிற முள் எந்தக் காட்டிலும் இல்லை. தவிரவும், மூடியை இப்படி இறுக்குகிற கை அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். சங்கரபாண்டி மூடிய ஊறுகாய்ப் பாட்டிலைத் திறக்கப் பாண்டிராஜ் வேலை விட்டு வரவேண்டும்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அப்போதே அவரை எழுப்பிக் கேட்டிருக்கலாம். ஊரே தன்னைப் பேச இந்த மனுஷன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாரே என்று நெஞ்சு கொதித்தது. ஆனால் கேட்டால் வீடு இரண்டாகும், வெள்ளிக்கிழமை சவாரி அப்படியே நிற்கும். காப்பி கொடுக்கும்போது, நாளைக்கு என்னோடு திருநெல்வேலிக்கு வருகிறீர்களா என்று மட்டும் கேட்டாள். அவருக்கு அத்தனை சந்தோஷம்.

வெள்ளி விடியலில், நான்கிலும் மறுபடி முப்பத்தாறு பிடித்து, அளக்கும் கருவியை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாய்ப் பார்த்துத் தலையாட்டினார். மூன்று நோயாளிகளோடு அவரும் முன்சீட்டில் ஏற, இப்போது ஒரு ஆள் பாரம் கூடுதல். இதற்குமேல் என்ன சோதனை வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில், மூவரும் உள்ளே போனதும், சங்கரபாண்டி துணிப்பையிலிருந்து லாரிக் காலத்தில் டயர் கழற்றிய இரும்பு லிவரை எடுத்தார். அதை எதற்குப் பத்திரமாகக் கொண்டுவந்தார் என்று அவள் கேட்கவில்லை. அவர் டயரில் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தம் ணங்கென்று வந்தது. அளந்து பார்த்தார், நாற்பத்தொன்று. அவர் கை தன்னால் காற்றுவாய் மூடிக்குப் போனது.

"மாமா, கைய எடுங்க," என்றாள் வேல்விழி.

அவர் கை நின்றது. அவள் எல்லாம் தெரிந்துதான் கூட்டிவந்திருக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு, நாக்பூருக்கு இந்தப்பக்கம் ஒரு மே மாதத்தில் தனக்கு முன்னால் போன கூட்டாளியின் லாரி டயர் வெடித்ததைச் சொன்னார். வண்டி மூன்று உருட்டு உருண்டது. அதிலிருந்து வெயில் காலத்தில் காற்றைக் குறைக்காமல் அவர் வண்டி எடுத்ததில்லை.

"நீ ஓட்டுத வண்டி. உள்ள மூணு நோயாளி. எனக்கு மத்தியானத் தூக்கமே இல்லம்மா," என்றார்.

வேல்விழியின் கோபம் எங்கே போயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை. அவருடைய கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, டயரின் பக்கவாட்டைப் படிக்கச் சொன்னாள். இந்த டயர் அதிகபட்சம் ஐம்பது வரை தாங்கும் என்று அதில் அச்சாகி இருந்தது. காலையில் ஆறியிருக்கும்போது பிடிக்கிற முப்பத்தாறு, ஓடிச் சூடேறினால் நாற்பதைத் தொடும், அதை எதிர்பார்த்தேதான் செய்திருக்கிறார்கள் என்றாள். காற்றுக் குறைந்தால்தான் டயர் அமுங்கி அமுங்கி அதிகம் சூடாகும், சார்ஜையும் தின்னும்.

"நாப்பத்தொண்ணுக்கு டயரு பயப்படல மாமா. நீங்கதான் பயப்படுதிய."

சங்கரபாண்டி இரண்டு தடவை அந்த எழுத்தைப் படித்தார். லிவரைப் பையில் போட்டார். வரும் வழியெல்லாம் அவர் கண் ரோட்டில் இல்லை, திரையில் இருந்த சார்ஜ் எண்ணிலேயே இருந்தது.

ஜுலைகா பீவியின் வாசலில் கார் நின்றபோது அது இருபத்துமூன்று காட்டியது. நஸ்ரின் பானு ஓடிவந்து கதவைத் திறந்தாள். உம்மா தூங்கி எழுந்த முகத்தோடு, அதற்குள் வீடு வந்துவிட்டதா என்று கேட்டார். டீசல் வண்டிக்காரரை வரச் சொல்ல வேண்டாம் என்று மகளிடம் அவராகவே சொன்னார். வேல்விழி பதில் சொல்ல வாயெடுக்கும் முன் முன்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"அதெல்லாம் ஒரு சொணக்கமும் வராது. வண்டி மேல ஒரு தப்பும் இல்ல, நான் பண்ணுன கோளாறு. டயரு எங்க மருமவ பாத்து எடுத்தது, தெரியும்லா?"

தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னார்.

மறுநாள் விடியலில் அவள் கருவியோடு வாசலுக்கு வந்தாள். பக்கத்தில் குறடும் வைத்துக்கொண்டாள். முதல் சக்கரத்தின் மூடியைத் தொட்டதும் அது இரண்டு விரலுக்கே சுழன்று வந்தது. இரண்டாவதும் அப்படியே. காற்று எல்லாவற்றிலும் முப்பத்தாறு. நிமிர்ந்து பார்த்தாள். சங்கரபாண்டி வாசலில் எதுவும் தெரியாதவர்போலப் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார், அவருடைய ஆட்காட்டி விரலில் டயர்க் கறுப்பு அப்படியே இருந்தது. வேல்விழி நான்கு மூடிகளையும் அவர் மூடிய அளவுக்கே திரும்ப மூடிவிட்டு, குறடைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாள்.